சுகிர்தபாய் வீட்டுக் கறுப்புத் துணி

வியாகுல மாதாவுக்கு உடம்பு கிடையாது. இதை வெளியே சொன்னால் எங்கள் கோவில் பங்கில் நாலு பேர் என்னை அடிக்க வருவார்கள். வரட்டும். முப்பது வருடம் அந்தச் சுரூபத்துக்கு அளவெடுத்துத் துணி தைத்தவன் நான். முகமும் இரண்டு கைகளும் மட்டும்தான் மரத்தில் செதுக்கியவை. கழுத்துக்குக் கீழே நாலு சட்டம், ஒரு குறுக்குப் பலகை, அவ்வளவுதான். தோளும் இடுப்பும் முழங்காலும் நான் தைக்கிற துணியில்தான் இருக்கின்றன. பெரிய வெள்ளியன்று ஊரெல்லாம் அந்த முகத்தைப் பார்த்து அழும்போது நான் மட்டும் இடது தோளில் துணி சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்பேன். என் தலையெழுத்து அப்படி.

என் பெயர் ஞானையன். பாறசாலைச் சந்தையிலிருந்து கிழக்கே ஒரு மணி நேரம் நடந்தால் எங்கள் கோவில். கோவிலுக்கு எதிரே என் தையல் மெஷின். ஆனால் நான் சொல்ல வந்தது என்னைப் பற்றியல்ல, சுகிர்தபாயைப் பற்றி.

சுகிர்தபாய் சந்தையில் மரச்சீனிக் கிழங்கு விற்பவள். சந்தையில்லாத நாட்களில் யார் கூப்பிட்டாலும் வயலில் களை பிடுங்கப் போவாள். சனிக்கிழமை மத்தியானம் கோவிலைப் பெருக்கிக் கழுவுவாள். அதை யாரும் அவளிடம் ஒப்படைக்கவில்லை, அவளாகவே எடுத்துக்கொண்டாள். கட்டினவன் அம்பூரி மலையில் காடு வெட்டப் போன இடத்தில் காய்ச்சல் கண்டு செத்துப்போனான். மிஞ்சினது ஒரே மகன், விஜயதாஸ். அவளுக்கு நல்ல உயரம். குரலைச் சொல்லவே வேண்டாம், சந்தையின் இந்தக் கோடியில் விலை சொன்னால் அந்தக் கோடியில் மாடு திரும்பிப் பார்க்கும். பெரிய வெள்ளிக்கிழமை புலம்பலில் முதலடி எடுத்துக்கொடுப்பது அந்தக் குரல்தான். பூசை லத்தீனில் நடக்கும்; அது அச்சனுக்கும் கடவுளுக்கும் உள்ள விஷயம். எங்கள் பங்குச் சாமியாரான அச்சன் கொல்லத்துக்கு வடக்கேயிருந்து வந்தவர், பிரசங்கத்தை மலையாளத்தில் தொடங்கித் தமிழில் தடுமாறி மறுபடி மலையாளத்தில் முடிப்பார். புலம்பல் ஒன்றுதான் முழுக்க எங்களுடையது. சுகிர்தபாய் பாடினால் கல்லும் கரையும். ஒரு வருடம் அச்சனே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

இனி எங்கள் வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. குருத்து ஞாயிறுக்கு முந்தின வெள்ளிக்கிழமை மாதாவுக்குக் கறுப்பு முக்காடு சாத்துவோம். அந்தத் துணி ஒரு சாவு வீட்டிலிருந்து வர வேண்டும். அந்த வருடம் பங்கில் செத்தவர்களில் வயதில் இளையவர் யாரோ, அந்த வீட்டுக்குத்தான் உரிமை. உயிர்ப்பு ஞாயிறு கழிந்ததும் முக்காட்டைக் கழற்றி அதே வீட்டுக்குத் திருப்பிக் கொடுப்போம். அதோடு அந்த வீட்டில் துக்கம் முடிந்தது. பெண்கள் நல்ல துணி உடுக்கலாம், கல்யாணம் பேசலாம். நம் துக்கத்தை மாதா வாங்கிச் சுமந்து தீர்த்துத் தருகிறாள் என்பது எங்கள் நம்பிக்கை. கமிட்டி போய்க் கேட்கும், வீடு கொடுக்கும். மறுத்த வீடு என்று ஒன்றை நான் கேள்விப்பட்டதில்லை.

ஐம்பத்து நாலாம் வருடம் ஆகஸ்ட் பதினொன்று. தமிழ் பேசுகிற தாலுகாக்களையெல்லாம் திருவிதாங்கூரிலிருந்து பிரித்துத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று ஊருக்கு ஊர் ஊர்வலம் நடந்த காலம். எங்கள் ஊரில் அதற்குத் தலை தாசையன் வாத்தியார். பள்ளிக்கூடத்திலும் அவர்தான், கோவில் கமிட்டியிலும் அவர்தான். அன்று காலையில் ஏழு பையன்கள் கையில் கொடியைக் கொடுத்து மார்த்தாண்டத்துக்கு அனுப்பினார். அதில் ஒருவன் விஜயதாஸ். இருபது வயது, சந்தையில் சுமடு தூக்கிக்கொண்டிருந்தான். அவனுக்கு அரசியலும் தெரியாது, மண்ணாங்கட்டியும் தெரியாது. கூட்டாளிகள் போனார்கள், போனான். அங்கே துப்பாக்கிச் சூடு நடந்தது. மறுநாளுக்குள் ஆறு பேர் எப்படியோ திரும்பி வந்தார்கள். விஜயதாஸ் வரவில்லை.

ஆறு பேரும் ஆறு கதை சொன்னார்கள். ஒருவன், ஓடும்போது அவன் முன்னால் ஓடியதைப் பார்த்ததாகச் சொன்னான். ஒருவன், ஆற்றங்கரைப் பக்கம் யாரோ விழுந்தார்கள், சட்டை அவன் சட்டை போலிருந்தது என்றான். இன்னொருவன் நாகர்கோவில் பஸ்ஸில் ஏறினான் என்று சத்தியம் செய்தான். சுகிர்தபாய் மரச்சீனிக் கூடையை மூலையில் வைத்துவிட்டு நடந்தாள். ஆஸ்பத்திரி, போலீஸ் ஸ்டேஷன், ஜெயில் வாசல், ஆற்றுக்கடவு. எல்லா இடத்திலும் ஒரே பதில், அப்படி ஒரு பேர் இல்லை. செத்தவர்களிலும் இல்லை, பிடிபட்டவர்களிலும் இல்லை. ஒரு மாதம் நடந்து காலெல்லாம் வெடித்துத் திரும்பி வந்தாள்.

அப்போது போலீஸ் ஆள் தேடிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கத்து இளவட்டங்களில் பாதிப்பேர் ஆரல்வாய்மொழி தாண்டித் திருநெல்வேலிச் சீமைக்குள் போய் ஒளிந்துகொண்டார்கள். சுகிர்தபாய் அதைப் பிடித்துக்கொண்டாள். "எனக்க மவன் புத்தியுள்ளவனாக்கும். கேஸு தீராம அவன் வரமாட்டான்" என்று சந்தையில் கேட்டவர்களுக்கும் கேளாதவர்களுக்கும் சொன்னாள். நாங்கள் அவள் முகத்துக்கு நேரே தலையை ஆட்டிவிட்டு, அந்தப் பக்கம் போய் உச்சுக்கொட்டினோம். எங்களுக்கு அவன் செத்துப் போயிருந்தான்.

அடுத்த தவக்காலம் வந்தது. விபூதிப் புதன் கழிந்த ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடியது. உட்காரும் முன்பே வாத்தியார் தொடங்கினார்.

"இந்த வருசம் முக்காடு விஜயதாஸுக்க வீட்டுல இருந்து வரணும். அவனை விட இளையவன் ஆரு செத்தா?"

எதிரே இருந்தவர் பத்ரோஸ். தேங்காய் வியாபாரி. சரக்கெல்லாம் திருவனந்தபுரம் போகிறது. அதனால் ஊரும் திருவிதாங்கூரோடேயே இருந்துவிட்டால் நல்லது என்று நினைப்பவர். "மரணப் புஸ்தகத்தில அவனுக்க பேரு உண்டா? துக்க மணி அடிச்சா? கல்லறையில குழி வெட்டிச்சா?" என்று கேட்டார். "ஒண்ணும் இல்லாம எப்பிடி வோய் அது சாவாவும்?"

"சுட்டுக் கொன்னவன் சீட்டு எழுதித் தருவானா வோய்?"

"அப்பம் மாதாவுக்க தலையில உம்ம கட்சிக் கொடியைச் சாத்தணும், இல்லியா?"

என்னைச் சும்மா இருக்கச் சொன்னால் நான் இருப்பேனா? நான் எழுந்து, தேங்காய் விற்கிறவனுக்கு நெஞ்சு இருக்க வேண்டிய இடத்தில் சிரட்டைதான் இருக்கும் என்றேன். பத்ரோஸ் செருப்பைக் கழற்றினார். அச்சன் நடுவில் வந்து கைகூப்பினார்.

ஐந்து வாரம் இதே கழுத்தறுப்பு. கோவில் முற்றத்தில் ஆண்கள் இரண்டு கூட்டமாக நின்றார்கள். பூசை முடிந்து ஒரு கூட்டம் வடக்கு வாசலாலும் மற்றக் கூட்டம் தெற்கு வாசலாலும் வெளியேறியது. முக்காட்டைச் சாத்தினால் கோவில் கலகக்காரர்களின் கூடாரம் என்று போலீஸ் வரும் என்று அச்சனுக்குப் பயம். சாத்தாவிட்டால் பாதி ஜனம் கோவிலுக்கே வராது என்று அதைவிடப் பயம். தமக்கு மேலே இருக்கிற பிஷப்புக்கு, மேற்றிராணியாருக்கு, கடிதம் எழுதினார். பதில் வந்தது. பங்கின் பாரம்பரிய வழக்கப்படி செய்யவும். அவ்வளவுதான் எழுதியிருந்தது. இரண்டு கூட்டமும் அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு தாங்கள் ஜெயித்ததாகக் குதித்தன. கடைசியில் அச்சன் ஓய்ந்துபோனார். "ஞான் மடுத்து. எந்தெங்கிலும் செய்யுங்கோ" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சுகிர்தபாய்க்குத் துணி வாங்க வழியில்லை என்று வாத்தியார் தாமே பாலராமபுரம் போய் நல்ல நெசவுத் துணி வாங்கிக் கறுப்புச் சாயம் முக்கிக் கொண்டுவந்தார். மூன்று நாள் தைத்தேன். சும்மா சொல்லக்கூடாது, நான் தைத்ததில் அதுதான் மேலானது. அந்த இடது தோள் ஒருநாளும் எனக்கு அப்படிப் படிந்ததில்லை. பத்ரோஸ் வயிறு எரியட்டும் என்று ஓரத்தில் வெள்ளை நூலால் ஒரு வேலைப்பாடும் செய்தேன். வெள்ளிக்கிழமை காலையில் நானும் வாத்தியாரும் இன்னும் பத்துப் பேரும் துணியைத் தாம்பாளத்தில் வைத்து எடுத்துக்கொண்டு சுகிர்தபாய் வீட்டுக்குப் போனோம். யார் வாங்கின துணியானாலும் அவள் அதை ஏற்று, தன் கையாலேயே கோவிலில் கொண்டுவந்து கொடுக்க வேண்டும், அதுதான் முறை.

அவள் முற்றத்தில் உட்கார்ந்து மரச்சீனித் தோல் உரித்துக்கொண்டிருந்தாள்.

"சுகிர்தம், இந்த வருசம் மாதாவுக்க முக்காடு உனக்க வீட்டுல இருந்தாக்கும்" என்றார் வாத்தியார். அவர் குரல் தழுதழுத்தது. அது நடிப்பில்லை, அதை நான் சொல்ல வேண்டும். ஏழு கொடியைக் கொடுத்த கை அவருடையது. எட்டு மாதமாக அவர் சரியாகத் தூங்கவில்லை.

சுகிர்தபாய் தாம்பாளத்தைப் பார்த்தாள். கத்தியைக் கீழே வைக்கவில்லை. "எனக்க வீட்டுல ஆரு செத்தது?" என்று கேட்டாள்.

வாத்தியார் தாம்பாளத்தை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினார்.

"சொல்லும் வாத்தியாரே. நீருதான அனுப்பினீரு. அவன் விழுந்ததை நீரு கண்டீரா? அவனுக்கு மண்ணு போட்டீரா?"

"மக்கா, நான் சொல்லியது என்னண்ணா..." என்று வாத்தியார் தொடங்கினார்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "அண்ணேன், நீரும் தச்சு எடுத்திட்டு வந்திட்டீரு, இல்லியா? உயிரோட இருக்கியவனுக்குச் சாவுத்துணி தைக்க உமக்குக் கை எப்பிடி ஓடிச்சு? நான் இதை வாங்கினா அவன் எங்க வருவான்? எந்த வீட்டுக்கு வருவான்?" பிறகு சந்தைக் குரலில் ஒரே கத்து. "எடுத்திட்டுப் போங்கலே! எல்லாவனும் போங்கலே!"

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது எனக்கு. ஐந்து வாரம்! அச்சனிடம் பேசினோம், மேற்றிராணியாருக்கு எழுதினோம், செருப்பைக் கழற்றினோம், துணி வாங்கினோம், தைத்தோம். அவளிடம் ஒரு வார்த்தை கேட்க ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. எந்த வீடும் மறுக்காது என்பது எங்களுக்கு அவ்வளவு பழகிப்போன விஷயம். விஜயதாஸ் செத்ததாகச் சொல்ல முடியாது என்று அவளைத் தவிர அந்த ஊரில் வாய்திறந்து சொன்ன ஒரே ஆள் பத்ரோஸ். அதுவும் அவர் தம் காரியத்துக்காகச் சொன்னது. அந்த வெட்கம் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

தையலைப் பிரித்துத் துணியை வாத்தியாரிடம் கொடுத்தேன். அந்த வருட மரணப் புத்தகத்தில் இருந்தவர்களில் இளையவர் எழுபத்திரண்டு வயதுக் கொச்சாப்பி. அவர் வீட்டுத் துணியைத்தான் மாதா போட்டுக்கொண்டாள். பெரிய வெள்ளியன்று சுகிர்தபாய் வழக்கம்போல முன்னால் வந்து நின்று புலம்பலை எடுத்துக்கொடுத்தாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. சுற்றிலும் பெண்கள் அவளைப் பார்த்துத்தான் அழுதார்கள், மாதாவைப் பார்த்து அல்ல.

உயிர்ப்புக்குப் பிறகு அச்சன் வீடு வீடாகத் தீர்த்தம் தெளித்து மந்திரிக்க வருவார். குடும்பப் புத்தகத்தைத் திறந்து ஒவ்வொரு பேராக வாசிப்பார். வீட்டிலிருப்பவர்கள் பதில் சொல்ல வேண்டும். சுகிர்தபாய் வீட்டில் இரண்டே பேர். அச்சன் முதல் பேரை வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடப்போனார்.

"இன்னும் ஒரு பேரு உண்டு" என்றாள் அவள்.

அச்சன் வாசித்தார். "விஜயதாஸ்."

"உண்டு அச்சோ. வெளியூரிலாக்கும்."

அடுத்த வருடமும் அதே பதில்தான். தீர்த்தப் பாத்திரம் வைத்த பையை நான்தான் தூக்கிக்கொண்டு பின்னால் போவேன். இரண்டு வருடமும் காதால் கேட்டேன்.

இதற்கிடையில் டெல்லியில் எங்களைப் பங்குபோட்டு முடித்துவிட்டார்கள். விளவங்கோடு வரை தமிழ்நாட்டுக்கு. நெய்யாற்றின்கரைத் தாலுகா, அதாவது நாங்கள், இந்தப் பக்கம், கேரளத்துக்கு. பேப்பரில் அதைப் படித்த அன்று வாத்தியார் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. பிறகு கமிட்டிக்கும் வரவில்லை. ஐம்பத்தாறு நவம்பர் முதல் தேதி புது எல்லையான களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் கொண்டாட்ட வெடிச் சத்தம் கேட்டது. எங்கள் ஊரில் யாரும் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை, சண்டை போடக்கூட ஆளில்லை. நான் ஒரு பிளவுசுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தேன். இதற்காகவா என்று நினைத்தேன். இதற்காகவா அந்த ஏழு பேரை அனுப்பினோம்? கோபம்கூட வரவில்லை, உடம்பெல்லாம் அசந்துபோனது.

ஆனால் சுகிர்தபாய்க்கு அந்த நாள் வேறு நாள். கேஸையெல்லாம் தள்ளிவிடப் போகிறார்கள், ஒளிந்திருப்பவர்கள் திரும்பி வரலாம் என்று பேச்சு வந்தது. அவள் பாறசாலைச் சந்தையை விட்டுவிட்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு களியக்காவிளை பஸ் நிற்கிற இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள். தெற்கேயிருந்து வருகிற ஒவ்வொரு பஸ்ஸும் அவளைத் தாண்டித்தான் போக வேண்டும். பையன்கள் வந்தார்கள். தாடியோடு, எலும்பும் தோலுமாக, ஒவ்வொருத்தனாக வந்தார்கள். ஒவ்வொருத்தனையும் அவள் எழுந்து நின்று கேட்டாள். கிறிஸ்துமஸ் வரை வந்துகொண்டிருந்தார்கள், பிறகு குறைந்தார்கள்.

கடைசியாக வந்தவன் திருப்புறத்துப் பையன், மோகனன் என்று பெயர். திருநெல்வேலிப் பக்கம் ஒரு செங்கல் சூளையில் இந்தப் பகுதிப் பையன்களோடு இருந்தவன். அவன் மறைக்கவில்லை. "அக்கா, நாங்க எல்லாரும் ஒண்ணாத்தான் கெடந்தோம். அங்க இல்லாதவன் வேற எங்கயும் இல்ல. விஜயதாஸ் ஒருநாளும் அங்க வரல்ல" என்றான். அவனுக்கு அவள் இரண்டு கிழங்கு எடுத்துக் கொடுத்து அனுப்பினாள் என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். மறுநாளும் அவள் அங்கே போய் உட்கார்ந்தாள், அதற்கு மறுநாளும். பஸ் வந்தாலும் எழுந்திருப்பதில்லை என்று மட்டும் சொன்னார்கள்.

போலீஸ் தேடும் வரை அவன் வராததற்கு ஒரு காரணம் இருந்தது. இப்போது தேடுவாரில்லை. மற்ற அம்மாக்களுக்கு நல்லதாக முடிந்த கேஸ் தள்ளுபடி அவள் கையிலிருந்த கடைசிப் பிடியையும் உருவிக்கொண்டு போய்விட்டது. இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்ல?

ஐம்பத்தேழு தவக்காலம். அந்த வருடம் பங்கில் செத்தவர்கள் மூன்று கிழவர்கள்தான். முக்காட்டைப் பற்றிப் பேசக் கமிட்டி கூடவேயில்லை. எதிர்த்துப் பேச ஆளில்லாமல் பத்ரோஸுக்கே சலித்துப்போயிருந்தது. குருத்து ஞாயிறுக்கு முந்தின வியாழக்கிழமை மத்தியானம், பீடத்துக்குப் பக்கத்துச் சக்ரீஸ்து அறையில் அச்சனின் கிழிந்த அங்கிக்கு நான் ஒட்டுப்போட்டுக்கொண்டிருந்தேன். அச்சன் மேசையில் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். சுகிர்தபாய் வாசலில் வந்து நின்றாள். குளித்துத் தலைவாரியிருந்தாள். கையில் மடித்த கறுப்புத் துணி.

அச்சன் துணியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அச்சோ, மரணப் புஸ்தகத்தை எடுங்க. ஒரு பேரு எழுதணும்" என்றாள்.

அச்சன் எழுந்தார். அலமாரியிலிருந்து அந்தப் பெரிய புத்தகத்தை எடுத்துவந்து விரித்தார். பேரை எழுதினார். அப்பன் பேரை எழுதினார்.

"வயசு... இருபது" என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார்.

"இருபத்திமூணு."

"சுகிர்தபாய், அவன் போயப்போள் இருபதல்லே?"

"போவும்ப இருபது. இப்பம் இருபத்திமூணு. தை மாசம் முடிஞ்சுது."

அச்சன் இருபத்து மூன்று என்று எழுதினார். தேதிக்கு வந்தார். அதை அவளிடம் கேட்கவே இல்லை. ஆகஸ்ட் பதினொன்று என்று எழுதப் பேனாவை வைத்தபோது அவள் முன்னால் வந்து தாளின் மேல் கையை விரித்து வைத்துவிட்டாள். களை பிடுங்கி, கிழங்கு உரித்து, நகமெல்லாம் கறுத்த கை.

"அது வேண்டாம். இண்ணைக்குள்ள தேதி எழுதுங்க."

"மோளே, சத்தியமல்லாத்தது ஞான் இதில் எழுதிக்கூடா."

"சத்தியமாக்கும் அச்சோ. இண்ணு காலம்பற வரைக்கும் அவன் உயிரோட உண்டு. இத்தனை நாளா சாவவிடாம பிடிச்சு வச்சிருந்தது நானாக்கும். இனி எனக்குத் தெம்பில்ல, அச்சோ. விட்டுட்டேன்."

அச்சன் மறுபடி என்னைப் பார்த்தார். நான் ஊசியை அங்கியில் குத்தி வைத்தேன். "எழுதுங்க அச்சோ" என்று மட்டும் சொன்னேன். அவள் கையை எடுத்தாள். அச்சன் அன்றைய தேதியை எழுதினார்.

அடுத்த கட்டம், மரித்த இடம். அங்கே பேனா நின்றுவிட்டது. மார்த்தாண்டம் என்று எழுதுவதா, தெரியாது என்று எழுதுவதா என்று அவருக்கு விளங்கவில்லை. "எவிடெ வச்சு?" என்று கேட்டார்.

"எனக்க வீட்டுல வச்சு" என்றாள் சுகிர்தபாய். "நான் கிட்டத்தான் இருந்தேன்."